படிவத்தில் கட்டம் இல்லாத பிள்ளைகள்: தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்தின் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடைசியாக வேலை பார்த்த கல்லூரியில், உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான தகவல்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. இப்போது மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். எங்கே சேரலாம், என்ன படிக்கலாம் என்று கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர்களில் பலர் கைப்பேசியில் அந்தத் தரவரிசையின் முதல் 100 கல்லூரிகளின் பட்டியலோடுதான் வருகிறார்கள்.

போன மே மாதம் ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கணிதத்தில் நல்ல மதிப்பெண். "சார், நம்ம மாவட்டக் காலேஜ் இந்த லிஸ்ட்ல இல்லையே, அப்ப அது சரியில்லையா?" என்று கேட்டார். பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய கல்லூரி அது. அங்கே உள்ள கணிதத் துறையை எனக்குத் தெரியும். நல்ல துறை, பிள்ளைகளை விட்டுவிடாத ஆசிரியர்கள். ஆனால் அதை அந்த அம்மாவிடம் காட்டி நிரூபிக்க என் கையில் ஒரு தாள்கூட இல்லை. அவர் கையில் மத்திய அரசின் பட்டியல் இருந்தது. என்னிடம் இருந்தது வாய்ச்சொல் மட்டும்.

கேரளத்தின் உயர்கல்வி மன்றம் கே.ஐ.ஆர்.எஃப். என்று தங்கள் மாநிலத்துக்கென்று ஒரு தரவரிசையை உருவாக்கி, 2024 டிசம்பரில் முதல் பட்டியலை வெளியிட்டது. நம் மாநிலத்துக்கும் அப்படி ஒன்றைச் செய்யும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், டெல்லியின் அளவுகோலை அப்படியே எடுத்துச் சிறிதாக்கிப் பயன்படுத்திவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். உள்ளே வரும் பிள்ளையை ஒரு கல்லூரி எங்கிருந்து எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை அளக்க வேண்டும். இப்போதுள்ள அளவுகோல் அதை அளப்பதே இல்லை.

அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெற்றோரும் படிக்கக்கூடும் என்பதால். என்.ஐ.ஆர்.எஃப். 2015ல் அறிவிக்கப்பட்டது. முதல் பட்டியல் 2016ல் வந்தது. கல்லூரிகளுக்கான பட்டியல் 2017லிருந்து வருகிறது. கற்பித்தல், கற்றல், வளங்களுக்கு 40 சதவீதம். ஆய்வுக்கும் படிப்பு முடித்தவர்களின் நிலைக்கும் சேர்த்து 40. பரவலாகச் சென்றடைதலுக்கு 10. 'மதிப்பெண்ணம்' என்று சொல்லத்தக்க ஒன்றுக்கு, அதாவது மற்ற கல்வியாளர்களும் வேலை தருபவர்களும் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு, மீதி 10. எண்களைக் கல்லூரியே இணையத்தில் ஏற்றும். ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கு மட்டும், ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்படும்.

இதில் நான் அதிக நாள் செலவழித்த பகுதி, படிப்பு முடித்தவர்களைப் பற்றியது. ஒவ்வோர் ஆண்டு மாணவர் அணியிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களுடைய சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கட்டங்கள் இருக்கும். எங்கள் கல்லூரியில் இதற்கென்று தனி அலுவலகமோ ஆளோ கிடையாது. அதனால் வகுப்பு முடிந்த மாலை நேரங்களில் துறை அறையில் உட்கார்ந்து, முடித்துப் போன பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பேசியில் கூப்பிடுவோம். சொல்வதை ஒரு நீள நோட்டில் எழுதுவேன்.

ஒரு பையன், "சார், குரூப் ஃபோர் படிச்சிட்டு இருக்கேன்" என்றான். மாவட்ட நூலகத்தில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பானாம். இவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வேலையும் இல்லை, மேற்படிப்பும் இல்லை. கட்டத்தில் அவன் பூஜ்யம். இரண்டு ஆண்டு கழித்து அவன் இளநிலை உதவியாளராக ஒரு தாலுகா அலுவலகத்தில் சேர்ந்தான். இனிப்போடு வந்து சொன்னான். அதற்குள் அவனுடைய அணிக்கான கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி., சீருடைப் பணி, பி.எட். முடித்து டெட் எழுதுவது இதெல்லாம்தான் பெரும்பாதை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பாதை மூன்று, நான்கு ஆண்டு பிடிக்கும். படிவம் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டபோது அவள் அப்பா எடுத்தார். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றார். அவள் எண்ணை வாங்கிப் பேசினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் சார், மாமனார் வீட்டில் இரண்டு நாத்தனார்களைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன் என்றாள். அதை நோட்டில் எழுதினேன். அனுப்ப வழியில்லை.

வேலை கிடைத்தவர்களின் கதையும் நேரானது இல்லை. சம்பளத்தின் இடைநிலை அளவு என்று கேட்கும்போது, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவருடைய சம்பளமும் சொந்த ஊரில் கூட்டுறவு சங்கத்தில் சேர்ந்தவருடைய சம்பளமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் கௌரவமான வேலை கிடைப்பது நம் மாவட்டங்களில் சாதாரண விஷயமா? இந்த எண்ணில் அது கல்லூரிக்குக் குறையாகத்தான் போய் விழுகிறது.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஒரு கட்டம் உண்டு. மாணவர்களில் எத்தனை பேர் மாநிலத்துக்குள்ளிருந்து வந்தவர்கள், எத்தனை பேர் வெளிமாநிலம், எத்தனை பேர் வெளிநாடு என்று கேட்பார்கள். சென்றடைதல் பகுதியின் 100 மதிப்பெண்ணில் 30 இந்த வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களின் பங்குக்குத்தான். மொத்தத்தில் இது 3 மதிப்பெண். சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் பட்டியலில் அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள வித்தியாசம். 3 மதிப்பெண்ணில் எத்தனையோ படிகள் ஏறலாம், இறங்கலாம்.

நொய்டாவிலிருந்து மெட்ரோவில் ஏறி டெல்லியில் ஒரு கல்லூரிக்குப் போகும் மாணவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். குருகிராமிலிருந்து வருபவர் ஹரியானாக்காரர். இருவரும் 'வெளிமாநிலம்'. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமத்திலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ரயிலில் வந்து சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் 'மாநிலத்துக்குள்'. கல்வராயன் மலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ இறங்கி வந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பையனும் 'மாநிலத்துக்குள்'. அரசு, மாவட்டந்தோறும் தாலுகாதோறும் கல்லூரி திறந்ததே சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்காக. அந்தப் பிள்ளைகளே வகுப்பு நிறைய உட்கார்ந்திருக்கும்போது, 'பரவலாகச் சென்றடைதல்' என்ற தலைப்பின் கீழ் அந்தக் கல்லூரிக்கு இந்த 30ல் எதுவும் கிடைக்காது.

சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கும் மதிப்பெண் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. பெண்களின் பங்குக்கும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கும் இருக்கிறது. இவை நல்ல அம்சங்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டின் முதல் பட்டதாரி என்று ஒரு கட்டம் அங்கே கிடையாது. நம் மாநிலத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழே கொடுக்கிறோம். கட்டணச் சலுகைக்காக வருவாய்த் துறை கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் அது. இவ்வளவு தெளிவாக நாம் அடையாளம் கண்டு வைத்திருக்கும் ஒரு விஷயத்தைத் தரவரிசைக்குள் கொண்டுவர நமக்கு என்ன தடை?

2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்களின் பங்கு, 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. என்.ஐ.ஆர்.எஃப். முதல் 100 கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நம்முடையவை என்று ஒவ்வோர் ஆண்டும் பெருமைப்படுகிறோம், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 47ஐ உண்டாக்கியது அந்த முப்பது சொச்சம் கல்லூரிகள் மட்டுமா? பட்டியலில் பெயரே வராத நூற்றுக்கணக்கான கல்லூரிகள் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று வகுப்பறைகளை ஓயவிடாமல் நடத்தி உண்டாக்கியதல்லவா?

என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரிப் பட்டியலில் 2017 முதல் 2023 வரை மிராண்டா ஹவுஸ் முதலிடம். 2024லும் 2025லும் இந்துக் கல்லூரி. இரண்டும் டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை, அருமையான கல்லூரிகள். 2021ல் அந்தப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் சிலவற்றில் சில படிப்புகளுக்குக் கட் ஆஃப் 100 சதவீதமாக இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மூன்று ஆண்டு கழித்து நன்றாக வருவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, அந்தப் பிள்ளையின் பங்கு எவ்வளவு? கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், தொடக்கப் புள்ளியைக் கொடுக்காமல் முடிவுப் புள்ளியை மட்டும் கொடுத்து 'எவ்வளவு தூரம் நடந்தான்' என்று கேட்டால் அந்தக் கணக்குக்கு விடை கிடையாது. என் வகுப்பில் பிளஸ் டூ கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறி வந்த ஒரு பையன் மூன்றாம் ஆண்டில் மெய்ப்பகுப்பாய்வுத் தேற்றம் ஒன்றைக் கரும்பலகையில் பிழையில்லாமல் நிறுவினான். அவன் நடந்த தூரத்தை அளக்கும் தரவரிசை வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது உங்களிடமே நேராகப் பேச வேண்டியிருக்கிறது. ஆசிரியர் மாணவர் விகிதத்தில் நிரந்தர ஆசிரியர்களுக்கு அழுத்தம் தரப்படுகிறது. முனைவர் பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு மாணவருக்குக் கல்லூரி எவ்வளவு செலவு செய்கிறது என்பதற்கும் உண்டு. இவற்றில் எதை ஓர் அரசுக் கல்லூரியின் முதல்வர் தன் கையால் மாற்ற முடியும்? காலியிடத்தை நிரப்புவது அரசு. நிதி ஒதுக்குவது அரசு. பல துறைகளைத் தூக்கி நிறுத்துவதே தொகுப்பூதியத்தில் வரும் கௌரவ விரிவுரையாளர்கள்தான். முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். அந்தக் காலியிடங்களுக்கான விலையைத் தரவரிசையில் கல்லூரி கொடுக்கிறது, மாணவர்கள் கொடுக்கிறார்கள். நீங்கள் ஒரு பட்டியல் போட்டால், அரசின் கையில் உள்ளவற்றைத் தனியாகவும் கல்லூரியின் கையில் உள்ளவற்றைத் தனியாகவும் பிரித்துக் காட்டுங்கள். ஒரு கல்லூரியில் எத்தனை நிரந்தரப் பணியிடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை காலி என்று அதே பக்கத்தில் எழுதுங்கள்.

மதிப்பெண்ணக் கருத்தாய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் கேள்விப்பட்ட கல்லூரிக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள். கேரளம் தன் அளவுகோலில் இந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அறிவியல் மனப்பான்மை, மதச்சார்பற்ற பார்வை என்று வேறொன்றை வைத்தது. அதை எப்படி எண்ணாக்குவது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒரு மாநிலம் தனக்கு எது முக்கியம் என்று தானே முடிவு செய்யலாம் என்ற துணிவு அதில் தெரிகிறது.

தமிழ்த் துறைகளுக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் விடுமுறை நாளெல்லாம் சுற்றுப்புறக் கோயில்களிலும் வயல்வெளிகளிலும் நடுகற்களைத் தேடி, படி எடுத்து, தமிழில் கட்டுரை எழுதி வந்தார். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கவும் கற்றுக் கொடுத்தார். ஸ்கோப்பஸில் தேடினால் அவர் பெயர் வராது. அதனால் ஆய்வுப் பகுதியில் அவர் இல்லவே இல்லை. அதே காலத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்த என் பழைய மாணவர், ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று நிர்வாகம் கட்டாயப்படுத்துவதால் சம்பளத்திலிருந்து பணம் கட்டிக் கட்டுரை போடுவதாகச் சொல்லி அழுதார். அவருடைய கட்டுரைகள் எண்ணிக்கையில் சேர்ந்தன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025லிருந்து மதிப்பெண் குறைக்கிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் தமிழில் நடக்கும் ஆய்வைத் தமிழ்நாடே கணக்கில் எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

எண்களை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியும் உண்டு. கல்லூரிகள் தாமே தரும் தரவு சரிபார்க்கப்படுவதில்லை என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பிறகு தடை நீங்கி, செப்டம்பர் 4 அன்று பட்டியல் வந்தது. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் யூ.எஸ். நியூஸ் என்ற செய்தி நிறுவனம் போடும் பல்கலைக்கழகப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த எண்களை, அங்கேயே வேலை பார்க்கும் மைக்கேல் தாடியஸ் என்ற கணிதப் பேராசிரியர் 2022ல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பொருந்தவில்லை என்று வெளியிட்டார். அந்த ஆண்டுப் பட்டியலில் கொலம்பியா 18ஆம் இடத்துக்குப் போனது. தன் நிறுவனத்தைப் பற்றியே அப்படி எழுத எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அந்தப் பட்டியலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்றும் உண்டு. அவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. நாடு தழுவிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தனி. வட்டாரப் பல்கலைக்கழகங்களும் வட்டாரக் கல்லூரிகளும் தனி, அவற்றையும் வடக்கு, தெற்கு, நடுமேற்கு, மேற்கு என்று பிரிக்கிறார்கள். அரசு உதவித்தொகை வாங்கும் ஏழை மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்ற பிரிவு இருக்கிறது. டெல்டா, கொங்கு, தென் மாவட்டங்கள், வட மாவட்டங்கள் என்ற வட்டாரங்களும் இருக்கின்றன. ஒத்ததை ஒத்ததோடு வைத்துப் பாருங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணே தேவையா என்றும் யோசியுங்கள். என்.ஐ.ஆர்.எஃப். 100க்குப் பிறகு 101 முதல் 150, 151 முதல் 200 என்று தொகுதியாகத்தான் தருகிறது. அந்த நிதானத்தை முதல் இடத்திலிருந்தே காட்டலாம். சென்னை மாநிலக் கல்லூரி (பிரசிடென்சி) 2022லும் 2023லும் அகில இந்திய அளவில் 3ஆம் இடம். 2024ல் முதல் பத்திலேயே இல்லை. அந்தக் கடற்கரைச் சாலைக் கட்டிடத்துக்குள் ஓராண்டில் அவ்வளவு பெரிய சரிவு என்ன நடந்துவிட முடியும்? சேர வந்த பெற்றோர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். இடம் இறங்கியதை மட்டும் பார்ப்பார்கள்.

சரி, தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பெரும்பகுதி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளி மதிப்பெண் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. அரசுக் கல்லூரிச் சேர்க்கை இணையவழியில் நடக்கிறது. தேர்வு முடிவுகள் பல்கலைக்கழகங்களிடம் இருக்கின்றன. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள் படிப்பைத் தொடர்கிறார்களா என்பது அரசுக்கு மாதாமாதம் தெரியும். இவற்றை இணைத்தாலே, என்ன மதிப்பெண்ணோடு வந்தவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள் என்று கல்லூரி வாரியாக, துறை வாரியாகச் சொல்லிவிடலாம். எந்தக் கல்லூரியும் தானாக எண் நிரப்ப வேண்டியதில்லை. முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் ஓராண்டில் கேட்காமல் ஐந்தாம் ஆண்டில் கேளுங்கள். அதற்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் ஆளையும் கொஞ்சம் நேரத்தையும் கொடுங்கள்.

அந்த அம்மாவின் மகள் கடைசியில் மாவட்டக் கல்லூரியில்தான் கணிதம் சேர்ந்தாள். பட்டியலை நம்பி அல்ல, பேருந்து வசதியும் கட்டணமும் பார்த்து. நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறாள் என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரு பக்கத் தாள் வரும் மே மாதம் என் மேசையில் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

கைப்பேசியில் கூப்பிட்டு எழுதிய நீள நோட்டுகள் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. படிவத்தில் சேர்க்க முடியாமல் போனதெல்லாம் அவற்றில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு உங்களுக்குத் தரத் தயாராக இருக்கிறேன். எந்த அலுவலகத்தில், யாரிடம் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்